பாட்டு நின்றுபோகும் சந்து

ஹட்டன் டவுனில் விடிகாலை ஆறு மணிக்கு, தெருத் தெருவாகப் பேக்கரி ரொட்டி விற்கிற சூன் பாண் ஆட்டோவின் பாட்டு கேட்கத் தொடங்கும். ஸ்டேஷன் ரோட்டில் கேட்கும், பஸ் ஸ்டாண்டில் கேட்கும், கோயில் மேட்டில் கேட்கும். எங்கள் கூப்பன்கடைச் சந்தின் முனைக்கு வந்ததும் டக்கென்று நின்றுவிடும். ஆட்டோ மட்டும் வாய் பேசாமல் உள்ளே வந்து, பதினேழு வீடுகளைத் தாண்டி, பதினெட்டாவது வீட்டு வாசலில் நிற்கும். அதிலிருந்து ஐவி அக்கா இறங்குவார்.

ஐவி அக்காவுக்கு அறுபத்துமூன்று வயது. ஆண்கள் போடுகிற ஜெர்சி, தலையில் கம்பளித் தொப்பி, வாயில் எப்போதும் ஒரு கராம்பு. மழையோ பனியோ, ஆட்டோவை அவரேதான் ஓட்டுவார். டவுன் முழுக்கப் பாணும் பணிஸும் விற்கிற அந்த மனுஷி, தான் பிறந்து வளர்ந்து இன்றும் குடியிருக்கிற சந்தில் ஒரு துண்டுப் பாண்கூட விற்காமலே இருந்தார். கேட்டால், "முடிஞ்சிருச்சி" என்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்து றாத்தல் பாண் அடுக்கி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லுவார். ஆட்டோ வருவதற்கு முன் சைக்கிளில் விற்றார், அதற்கும் முன் தள்ளுவண்டியில். அப்போதும் சந்து முனையில் மணியைக் கையால் பொத்திக்கொண்டுதான் உள்ளே வருவார். கணக்குப் பார்த்தால் முப்பத்தேழு வருடம். இந்தச் சந்தில் பிறந்த பிள்ளைகளெல்லாம் மெயின் ரோட்டுக்கு நடந்து போய்ப் பாண் வாங்கித்தான் வளர்ந்தார்கள்.

எங்கள் சந்துக்கு வெளியே வேறொரு பெயர் உண்டு. எழுத்தாளர் ஆண்டியப்பன் மாஸ்டர் வாழ்ந்த சந்து. பதினாலாம் நம்பர் வீடு அவருடையது. வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு வீடுகள், கருங்கல் படிகள், நடுவில் ஒரு வாய்க்கால், இவற்றையெல்லாம் அவர் கதைகளில் எழுதிவிட்டாராம். அதனால் பள்ளிக்கூடங்களிலிருந்து பஸ் பிடித்துப் பிள்ளைகள் வருவார்கள். கொழும்பிலிருந்து கேமராவோடு வருவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்பது ஒரே கேள்வி. "அந்தப் பாண்காரன் வீடு எது?"

நான் கணேசமூர்த்தி. பதினாலாம் நம்பருக்கு நேர் எதிரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கதை எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒருவரால் வந்த வினையைத்தான் எழுதப்போகிறேன்.

ஐவி அக்காவின் அப்பா சிறில், டவுன் பேக்கரி ஒன்றில் போறணைக்காரர். ராத்திரி பாண் சுடுவார், விடிந்ததும் கூடையில் கொண்டுவந்து எங்கள் சந்தில் கொடுப்பார். அவருக்கு ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிற நடை. சாயங்காலம் வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நாளைக்கு எத்தன?" என்பார். உள்ளேயிருந்து குரல் வரும். வெற்றிலை போடுகிறவர், கையில் சுண்ணாம்பு டப்பி இருக்கும். விரலில் சுண்ணாம்பைத் தொட்டு, கதவின் வலது நிலையில் கோடு இழுப்பார். இரண்டு பாண் என்றால் இரண்டு கோடு, மூன்று என்றால் மூன்று. காலையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது கோட்டைப் பார்த்து அத்தனை பாணைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, தோளில் கிடக்கிற துண்டால் கோட்டைத் துடைத்துவிட்டுப் போவார். பன்னிரண்டு வீடுகள் அவரிடம் வாங்கின. எல்லாம் தமிழ் வீடுகள். சிறிலின் வீட்டில் கோடு கிடையாது. தன் வீட்டுக்குப் பாண் கொண்டுபோகக் கோடு எதற்கு? மீதி ஐந்தும் சிங்கள, முஸ்லிம் வீடுகள். அவர்கள் மெயின் ரோட்டுக் கடையில் வாங்குவார்கள்.

எண்பத்து மூன்று ஜூலை. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிகின்றன, கண்டியில் எரிகின்றன என்று செய்தி வந்துகொண்டிருந்த வாரம். சிறில் வழக்கம்போல் சாயங்காலம் கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போனார். போனவரைப் பேக்கரி முதலாளி திருப்பி அனுப்பிவிட்டார். பயத்தில் போறணை பற்றவைக்கவில்லை. மறுநாள் காலை பாண் வரவில்லை. பாண் வராததால் கோட்டைத் துடைக்கவும் யாரும் வரவில்லை. பகல் வெளிச்சத்தில் எங்கள் சந்தின் கதவுகளில் சுண்ணாம்புக் கோடு இருந்தது அன்று ஒருநாள்தான்.

பதினொரு மணிக்கு ஒரு லொறியில் அவர்கள் வந்தார்கள். கோடு போட்டிருந்த பதினோரு வீடுகளை எரித்தார்கள். அதில் எங்கள் வீடும் ஒன்று. எங்கள் வீட்டுக்கு இரண்டு கோடு. அப்பாவின் தையல் மெஷின் சக்கரம் மட்டும்தான் மிஞ்சியது. நாங்கள் பின்பக்கத்துத் தேயிலை மலையில் ஏறிப் படுத்திருந்ததால் உயிர் பிழைத்தோம்.

தமிழ் வீடுகளில் எரியாமல் நின்றவை இரண்டே இரண்டு. ஒன்று சிறிலின் வீடு. இன்னொன்று பதினாலாம் நம்பர், ஆண்டியப்பன் மாஸ்டர் வீடு.

மாஸ்டருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தார், பத்திரிகைகளில் எழுதினார். இரண்டு வருடம் கழித்து அவருடைய 'சுண்ணாம்புக் கோடு' என்ற கதை வந்தது. ஒரு சந்து. அதில் ஒரு பாண்காரன், கால் சாய்ந்தவன், வெற்றிலைக்காரன். காசுக்கு விலைபோய், பாணுக்கு என்று சொல்லிக் கதவு கதவாகக் கோடு போட்டு, வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டிக்கொடுக்கிறான். கோடு போட்டவன் வீடு மட்டும் எரியவில்லை என்று கதை முடியும். பெயரைத்தான் மாற்றியிருந்தார், காலை மாற்றவில்லை. தன் வீடு ஏன் எரியவில்லை என்று யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, அடுத்தவர் வீடு ஏன் எரியவில்லை என்று அவர் கேட்டுவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அச்சுப் போட்டுச் செய்தவர் அவர்.

சந்து அதை நம்பியது. வெட்கம்கெட்ட சந்து! தினமும் அந்தக் கோட்டுக்குப் பாண் தின்றவர்கள்தான் நம்பினார்கள். வீட்டைப் பறிகொடுத்தவனுக்கு ஒரு எதிரி வேண்டும். எரித்தவன் லொறியில் வந்து லொறியில் போய்விட்டான், அவனை எங்கே தேடுவது? சிறில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். என் அப்பா நடுச் சந்தில் வைத்து அவர் முகத்தில் துப்பினார். சிறில் துண்டால் துடைத்துக்கொண்டு, "நான் பாணுக்குத்தாங்க போட்டேன்" என்றார். அன்றிலிருந்து யாரும் அவரிடம் பாண் வாங்கவில்லை. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு ஐவி அக்காவைப் பேசி முடித்திருந்தார்கள். கதையை யாரோ அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். பாக்கு வெற்றிலை திரும்பி வந்தது.

இன்னும் இரண்டு வருடம் இருந்தார் சிறில். சந்தோடு பேசுவதை நிறுத்திவிட்டார், சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். ஒருநாள் காலையில் எழும்பவில்லை.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாதியோ மதமோ, சந்தில் ஒரு சாவு என்றால் வீட்டிலிருந்து சந்து முனைவரைக்கும் சந்து ஆண்கள்தான் பெட்டியைத் தோளில் சுமக்க வேண்டும். ஜென்மப் பகையாளியாக இருந்தாலும் அந்த நூறு யார்டு தூரத்துக்குத் தோள் கொடுப்பான். அன்று ஒரு கதவும் திறக்கவில்லை. மாதா கோயிலிலிருந்து கோயில்பிள்ளையும் சாமியாரும் வந்து காத்திருந்து பார்த்தார்கள். கடைசியில் ஐவி அக்கா பேக்கரிக்குப் போய்ப் பாண் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். பெட்டியை அதில் ஏற்றி, அவருடைய அம்மா மெரினா முன்னால் இழுக்க, ஐவி அக்கா பின்னால் தள்ளினார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் எங்கள் ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்துநாலு வயது, தோள் நன்றாகத்தான் இருந்தது.

சந்து முனையில் வண்டியை நிறுத்தி அக்கா திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு கதவாகப் பார்த்தார்.

"எங்கப்பன் கையால தின்ன சந்து இது," என்றார். கத்தவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "இனி எங்க கையால ஒரு துண்டுப் பாண் இந்தச் சந்துக்குள்ள வராது. நான் சாகுற வரைக்கும் வராது."

சொன்னதைச் செய்தார். அப்பா வேலை பார்த்த பேக்கரியிலேயே போய் மாவு பிசைந்தார். தள்ளுவண்டி, சைக்கிள், ஆட்டோ என்று வளர்ந்தார். கல்யாணம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். செபத்தில், தீமை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று வருகிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பாராம். மெரினாம்மா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லி அழுதார். 'சுண்ணாம்புக் கோடு' கதையை வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார் அக்கா. அப்பாவின் வருட நினைவு நாளில் அதை எடுத்து முழுதாக ஒருமுறை படிப்பார். கோபம் ஆறிப்போகக் கூடாதே என்று படிப்பாராம். அவரே ஒருமுறை மெரினாம்மாவிடம் சொன்னாராம்.

மாஸ்டர் கனடாவுக்குப் போய் முப்பது வருடம் ஆகிவிட்டது. போனவர் பெரிய ஆளாகிவிட்டார். போன வருடம் எங்கள் சந்து அபிவிருத்திச் சங்கத்துச் செயலாளர் பிரதாப் ஒரு யோசனையோடு கிளம்பினான். சந்தின் பெயரை 'எழுத்தாளர் ஆண்டியப்பன் மாவத்தை' என்று மாற்ற வேண்டும். பதினாலாம் நம்பர் வீட்டில் கல்வெட்டுப் பதிக்க வேண்டும். மாஸ்டரே வந்து திரை விலக்குவதாகக் கடிதம் போட்டுவிட்டார். பிரதாப் நல்ல பிள்ளைதான். கலவரத்துக்குப் பிறகு பிறந்தவன், பாவம். அவன் ஐவி அக்காவிடம் போய், "அக்கா, ஒங்க வீட்டுக்கும் ஒரு போர்டு மாட்டலாமா? 'பாண்காரன் வீடு'ன்னு? டூரிஸ்ட்டுக்கெல்லாம் லேசா இருக்கும்" என்று கேட்டிருக்கிறான்.

"மாட்டு," என்றாராம் அக்கா. "அவரு வந்து போனதுக்குப் பொறகு மாட்டு."

விழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது ஐவி அக்கா என் கடைப் படியில் ஏறினார். நாற்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன்.

"மூர்த்தி, எண்பத்து மூணுல ஒங்க வீட்டுக்கு எத்தன பாண்?"

"ரெண்டுக்கா."

"தெரியும். உண்மை பேசுறியான்னு பாத்தேன்." கராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "எங்கப்பா சாகுற வரைக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தாரு. பதினாலாம் நம்பருக்கு மூணு கோடு போட்டேன், மறுநா பகல்ல பாக்கிறப்ப இல்ல, யாரு தொடச்சதுன்னு. நீ எதுத்த வீடு. அன்னைக்குக் காலையில ஏதாச்சும் பாத்தியா?"

"இல்லக்கா."

என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பார்த்திருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஸ்டேஷன் பக்கமிருந்து வேகமாக நடந்து வந்தார். வீட்டுக்குள் போய் ஒரு ஈரத்துணியோடு வெளியே வந்தார். சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். கதவு நிலையில் இருந்த மூன்று கோட்டையும் மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாகத் துடைத்தார். சுண்ணாம்பு பட்ட பக்கம் உள்ளே போகும்படி துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். என்னைக் கண்டதும், "பாண் வரல்லியே மூர்த்தி" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சுத்தக்காரர், அழுக்கைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு இருபது வயது. கோடு எதைக் காட்டப்போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

கதை அச்சில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் என் அப்பா சிறிலின் முகத்தில் துப்பியாகிவிட்டது. சொன்னால் அப்பா தலை குனிவார். அப்பா செத்த பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் வருடம் ஓடிவிட்டது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். பிறகு பஸ்ஸில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள், என் கடையிலும் இரண்டு துணிப்பை வாங்கிப்போனார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெஷினை மிதித்தேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை. விடிந்து கதவைத் திறந்த என் மனைவி, "என்னங்க, இங்க வாங்க" என்று கத்தினாள். எங்கள் கதவின் வலது நிலையில் இரண்டு சுண்ணாம்புக் கோடு, ஈரம் காயாமல். வெளியே வந்து பார்த்தேன். பக்கத்து வீட்டில் நான்கு. அதற்கடுத்ததில் ஒன்று. பன்னிரண்டு கதவுகளிலும் எண்பத்து மூன்றில் வாங்கிய அதே எண்ணிக்கை. எதிரில், பதினாலாம் நம்பரில் மூன்று. பழைய ஆட்களில் மிஞ்சியிருந்த நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர்கூடக் கையை வைத்துத் துடைக்கவில்லை.

பிரதாப்புக்கு மட்டும் பரம சந்தோஷம். "கதையில வர்ற மாதிரியே செஞ்சிருக்கீங்க, ஸ்கூல் பிள்ளைங்களா? சூப்பர்!" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு கதவையும் போனில் படம் எடுத்தான்.

பத்து மணிக்கு மாஸ்டர் வந்தார். பள்ளிக்கூட பேண்டு முன்னால், மாலை கழுத்தில், தோளில் பொன்னாடை. எழுபதை நெருங்குகிறவர், நிமிர்ந்துதான் நடந்தார். சந்து முனையில் முதல் கதவின் கோட்டைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. அடுத்த கதவைப் பார்த்தார். அதற்கடுத்த கதவைப் பார்த்தார். மூடுபனி இறங்கியிருந்த காலை, அவர் நெற்றி வேர்த்தது. என் கதவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதைக் கண்ணால் கண்டேன்.

பதினாலாம் நம்பர் வாசலில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கதவின் வலது பக்கச் சுவரில் கல்வெட்டு, அதன்மேல் மஞ்சள் திரை. அதற்கு ஒட்டினாற்போல் நிலை, பழைய ஆணி, ஆணிக்குக் கீழே மூன்று கோடு. முன்வரிசையில் ஐவி அக்கா. கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை, தோளில் அப்பாவின் பழைய துண்டு. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், திரைய வெலக்குங்க," என்றான் பிரதாப். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

மாஸ்டரின் கை திரைக் கயிற்றுக்குப் போகவில்லை. பைக்குள் போனது. கைக்குட்டையை எடுத்தார். நிலையில் இருந்த மூன்று கோட்டையும் மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாகத் துடைத்தார். சுண்ணாம்பு பட்ட பக்கம் உள்ளே போகும்படி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அப்புறம்தான் கயிற்றைத் தேடினார்.

அதே கை, அதே மடிப்பு.

"மாஸ்டர்," என்றார் ஐவி அக்கா. "அத ஏன் தொடச்சீங்க?"

"அழுக்கா இருந்திச்சி..."

"அழுக்கு இல்ல, மூணு றாத்தல் பாண். ஒங்கம்மாவுக்கு, ஒங்க தங்கச்சிக்கு, ஒங்களுக்கு." குரல் ஏறவே இல்லை. "வர்ற வழியில பதினோரு கதவுல கோடு இருந்திச்சி. எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே வந்தீங்க. அதுல ஒண்ணுலயும் ஒங்க கை போகல்ல. ஒங்க வீட்டுக் கோட்ட மட்டும் ஏன் தொடச்சீங்க? அன்னைக்கும் இப்படித்தான் தொடச்சீங்களா?"

பேண்டுக்காரப் பிள்ளைகள் வாத்தியத்தை இறக்கினார்கள். மாஸ்டர் சுற்றிப் பார்த்தார். "யாரும்மா நீங்க? எனக்கு விளங்கல்ல" என்றார். விளங்காதவர் முகமா அது! யாரென்று தெரியாத பெண்ணின் வீட்டைப் பற்றித்தான் பதினாறு பக்கம் எழுதினாரா? நாற்பத்தொரு வருடம் தொண்டையில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"ஆமாக்கா, இப்படித்தான் தொடச்சாரு," என்றேன். "காலையில ஒம்பது மணிக்கு. நான் பாத்தேன். கோட்டத் தொடச்சிட்டுத்தான் கதவச் சாத்தினாரு. பதினொரு மணிக்கு அவனுங்க வந்தானுங்க."

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன் டீக்கடையில பேசிக்கிட்டானுங்க," என்றார். நூறு பேருக்குப் பேச வந்தவரின் குரல் பத்துப் பேருக்குத்தான் கேட்டது. "கோடு போட்ட வீடெல்லாம் தமிழ் வீடாம்னு. எவன் சொன்னானோ தெரியாது. அம்மா படுத்த படுக்கை. எனக்குப் பயம். ஒன்னும் ஓடல்ல."

ஐவி அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"எங்க வீட்டுக்கு இருபது எட்டு நடந்தாப் போதும். வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கப்பா சந்து பூராவும் தொடச்சிருப்பாரு. தோள்ல துண்டு கெடந்திச்சி." துண்டைத் தொட்டுக் காட்டினார். "பயத்துல சொல்லாம இருந்தீங்க, சரி, பயம் எல்லாருக்கும்தான். ரெண்டு வருஷம் கழிச்சி உக்காந்து எழுதினீங்களே, அப்பவும் பயமா?"

"நான் எழுதுறேன்மா. நடந்தத அப்படியே எழுதுறேன். ஒங்கப்பா பேரப் போட்டே எழுதுறேன்."

"நீங்க எழுதினது போதும்."

அவ்வளவுதான். அக்கா திரும்பிப் போய்விட்டார். கூட்டமே வழிவிட்டது. மாஸ்டர் தன் கழுத்திலிருந்த மாலையைத் தானே கழற்றிப் படியில் வைத்தார். கல்வெட்டின் திரையை யாரும் விலக்கவில்லை. மாஸ்டர் பின்னேர ரயிலில் கொழும்புக்குப் போனார். அவரை ஸ்டேஷனுக்கு வழியனுப்பச் சந்திலிருந்து ஒரு ஆள் போகவில்லை. அவர் கோட்டைத் துடைக்கிற படம் அதற்குள் ஐம்பது போனில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. பிரதாப் அன்று சாயங்காலமே மஞ்சள் திரையோடு கல்வெட்டைப் பெயர்த்தெடுத்து ஒரு சாக்கில் கட்டினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கு இது வேண்டும், இன்னும் வேண்டும் என்றிருந்தது. நானும் என் பங்குக்குச் செய்துவிட்டேன் என்ற நிம்மதியில் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் விடிகாலை பாட்டு கேட்டது. ஸ்டேஷன் ரோட்டில் கேட்டது, பஸ் ஸ்டாண்டில் கேட்டது. சந்து முனைக்கு வந்தது. நிற்கவில்லை. பாடிக்கொண்டே உள்ளே வந்தது. முப்பத்தேழு வருடத்தில் முதல் தடவை. படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஆட்டோ நின்று நின்று வருவது கேட்டது. "இந்தாங்க அக்கா, நாலு" என்று பக்கத்து வீட்டில் ஐவி அக்காவின் குரல். அந்த வீட்டுக் கிழவி அழுகிற சத்தம். நான் வேட்டியைச் சரி செய்துகொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். ஆட்டோ என் வாசலில் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடுத்த வீட்டுக்குப் போனது.

கதவைத் திறந்தேன். ஆணியில் பை இல்லை. நிலையில் இருந்த இரண்டு கோட்டையும் காணவில்லை. துடைத்த ஈரம் மட்டும் இருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன். "அக்கா! நான்தானே அக்கா எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன்!"

ஐவி அக்கா ஆட்டோவை நிறுத்தாமல் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அவங்களுக்குத் தெரியாது மூர்த்தி. ஒனக்குத் தெரியும். போன வாரங்கூடக் கேட்டேனே."

இது நடந்து ஐந்து மாதமாகிறது. கூப்பன்கடைச் சந்து அதே பெயரோடுதான் இருக்கிறது. காலையில் பாட்டு உள்ளே வருகிறது, பதினாறு வீடுகளில் பாண் மணக்கிறது. நான் மெயின் ரோட்டுக்கு நடந்து போய்த்தான் பாண் வாங்குகிறேன்.